ஒன்பதாம் மாடியில் இன்னும் ஒருவர்

வாசலில் நுழைந்தவர்களைவிட உள்ளே இருப்பவர்கள் ஒருவர் அதிகம் என்று திரை காட்டியது.

முதல் நாள் யாமினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்க, பின்னாலேயே இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நுழைவது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான். ஆனால் மறுநாளும் ஒருவர் அதிகம். அந்த வாரம் முழுக்க அப்படியே.

"பேய் கீய் இருக்காம்மா?" என்று கேட்டார் அருள்தாஸ். கட்டடத்தின் நிர்வாக மேலாளர். "இருந்தா சொல்லு, அதுக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுத்துடறேன்."

கோவை அவிநாசி சாலையில் புதிதாக எழுந்திருந்த கட்டடம் அது. ஆள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் விளக்கும் குளிரும் ஓட வேண்டும் என்று பெரிய கட்டடங்களுக்கெல்லாம் விதி வந்துவிட்டிருந்த காலம். ஒவ்வொரு இருக்கைக்கு மேலும் கூரையில் பிஸ்கட் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. கம்பி கிடையாது, கேமரா கிடையாது. அவற்றைப் பொருத்திச் சரிபார்த்துக் கட்டடத்தை ஒப்படைப்பது யாமினியின் வேலை. அவள் மன்னார்குடிக்காரி, இயற்பியல் படித்தவள். பேச்சு குறைவாகவும் அளவீடு அதிகமாகவும் இருந்ததால் அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

"கேமராவும் இல்லைங்கிற. அப்புறம் எதை வெச்சும்மா எண்ணுது?"

"மூச்சை வெச்சு சார். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குமில்ல, அப்புறம் இதயம் துடிக்கும்போது அதைவிடச் சின்னதா ஒரு அசைவு இருக்கும். சென்சார் ரேடியோ அலை அனுப்பும். அது உடம்புல பட்டுத் திரும்பி வரும்போது அந்த அசைவு தெரிஞ்சுடும். யாருன்னு தெரியாது. எத்தனை பேர்னு மட்டும் தெரியும்."

"செத்தவன் உட்கார்ந்திருந்தா?"

"காலி இருக்கைன்னு காட்டும் சார்."

"அப்ப நம்ம கணக்குப் பிரிவுல பாதிப் பேரு காலிதான்" என்று சிரித்துவிட்டு அவர் போனார். "ஒப்படைக்கறதுக்குள்ள அந்தப் பேயை ஓட்டிடு."

கோளாறு ஒன்பதாம் மாடியில் இருந்தது. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் நிறுவனம் ஒன்று அங்கே இருந்தது. அதில் ஜன்னலோரமாக ஓர் இருக்கை. அந்த ஒரே நாற்காலியில் இரண்டு பேர் இருப்பதாகச் சென்சார் சொன்னது. யாமினி சென்சாரை மாற்றிப் பார்த்தாள். பேட்டரியை மாற்றினாள். பக்கத்து ஏசி குழாயின் அதிர்வாக இருக்குமோ என்று அதையும் அரைநாள் நிறுத்திப் பார்த்தாள். மறுபடியும் இரண்டு.

கடைசியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சென்சார் அனுப்பும் மூல அலையையே திறந்தாள். நிதானமாக ஏறி இறங்கும் ஒரு மூச்சு. அதன்மேல் ஓர் இதயத் துடிப்பு. அதற்கும் அடியில், இரைச்சலோடு இரைச்சலாக, மிக மெல்லிய இன்னொரு துடிப்பு. ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருத்தி துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டுக்கொண்டு கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இழுப்பறையைத் திறந்து உப்பு நெல்லிக்காய் ஒன்றை எடுத்து யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

யாமினிக்கு உறைத்தது. காது மடல்கள் சூடாகிவிட்டன, தப்புச் செய்து பிடிபட்டது அவள்தான் என்பதுபோல.

"என்ன கண்ணு, வந்த நாள்ல இருந்து எந்தலைக்கு மேலயே பாத்துட்டு இருக்கற? ஒட்டடையா?"

அந்தப் பெண்தான் கேட்டாள். பெயர் தெய்வானை. யாமினிக்குப் பொய் சொல்ல வராது. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தின் மூலை மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டாள்.

தெய்வானையின் கை சோற்றிலேயே நின்றது.

"இது யாராருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்க்கா. வேற யாரும் அலையைத் திறந்து பார்க்க மாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம்தான் அவள் பேசினாள். கல்யாணமாகிப் பல வருடங்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை. "மொதத் தடவ நான் அன்னாசிப்பழம் தின்னுட்டேன்னாங்க. நான் அதத் தொட்டே வருசமாச்சு. ரெண்டாந்தடவ வண்டி ஓட்டுனேன்னாங்க. எங்க அத்தை ஊரு பூராச் சொல்லிட்டு வந்துருச்சு. அதனால இந்தத் தடவ எங்க ஊட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். அஞ்சாவது மாசம் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கறம். இங்கயும் சொல்லல. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கோணும். மாசமா இருக்கறவள யாரு புதுப்பிப்பா?"

யாமினி தலையாட்டினாள். 

தெய்வானை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது துடிக்கறது உனக்கு இப்பத் தெரியுமா?"

மூல அலையை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. யாமினி தன் மடிக்கணினியைத் திருப்பி, காலையில் பதிவான அலையைக் காட்டினாள். தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு, புறங்கையால் திரையை மெல்லத் தொட்டாள். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறவர்கள் அப்படித்தான் தொடுவார்கள்.

அதிலிருந்து தினமும் காலையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. யாமினி ஒன்பதாம் மாடிக்கு வருவாள். தெய்வானை புருவத்தை உயர்த்துவாள்.

"ரெண்டா?"

"ரெண்டு."

அவ்வளவுதான். பிறகு இருவரும் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். தினசரி அறிக்கையில் மட்டும் யாமினி அந்த இருக்கைக்கு ஒன்றைக் கழித்துக் காட்டினாள். "பேயை ஓட்டிட்டியா?" என்று கேட்ட அருள்தாஸிடம், "இரட்டை எண்ணிக்கை சார், சரி பண்ணிட்டேன்" என்றாள். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலை திரையில் ஒன்று என்று வந்தது.

யாமினியின் முகத்தைப் பார்த்ததுமே தெய்வானை எழுந்துவிட்டாள். பையைக்கூட எடுக்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினாள். ஒன்றுமில்லை. நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்ததால் மெல்லிய துடிப்பு சென்சாருக்கு எட்டவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓடி வரக் கூடாது, குறித்துக் கொடுத்த தேதியில் வந்தால் போதும் என்று டாக்டர் கடிந்து அனுப்பியிருந்தார்.

"உசுரு போயிட்டு வந்துருச்சு கண்ணு" என்றாள் திரும்பி வந்து. இன்னும் மூச்சு வாங்கியது. "அது அப்பிடிக் குதிக்காம இருக்கற மாதிரிப் பண்ண முடியாதா?"

"பண்ணலாம்க்கா. ஹோல்டு வைக்கலாம்."

"அப்பிடின்னா?"

"சில பேர் மூச்சுகூட மெல்ல விட்டுட்டு அசையாம உட்கார்ந்து படிப்பாங்க. சென்சார் யாருமே இல்லைன்னு நெனச்சு லைட்டை அணைச்சுடும். அவங்க கூரையைப் பார்த்துக் கையை ஆட்டிட்டு இருப்பாங்க."

"ஆமா, கழிவறையில கூட அப்பிடித்தான். உள்ளாரப் போயி ஆடிக்கிட்டே இருக்கோணும்."

யாமினி சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் ஹோல்டு. ஒரு தடவை ஆளைப் பார்த்துட்டா, கொஞ்ச நேரம் தெரியலைன்னாலும் இருக்கிறதாவே வெச்சுக்கும்."

"அதைப் போட்டு வுடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த இருக்கையின் மெல்லிய துடிப்புக்கு மட்டும் யாமினி ஹோல்டு வைத்தாள். எவ்வளவு நேரம் என்று கணினி கேட்டது. அரைமணி என்றால் அரைமணிக்குப் பிறகு மறுபடியும் குதிக்கும், மறுபடியும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் முடிவு நேரத்தைக் காலியாக விட்டாள். தற்காலிகம்தான், ஒப்படைக்கும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் நினைப்பதுதான் அது.

அதன்பிறகு எண் குதிக்கவே இல்லை.

தெய்வானை கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கத் தொடங்கினாள். விடுதிச் சோறு தின்று மெலிந்துபோய்விட்டாய் என்று யாமினிக்குக் கொள்ளுப்பருப்பும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கொண்டுவந்தாள். கோரிக்கைக் கோப்புகளைப் பார்த்தபடியே வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். என்னவென்று கேட்டால், "உன்ட்ட இல்ல, இவனுக்குத் தொழில் சொல்லிக் குடுக்கறேன்" என்பாள். ஒருநாள், "வாயில எச்சி ஊறறது நின்னுபோச்சு கண்ணு. நாலாம் மாசமானா நிக்குமாமா" என்றாள். நல்லதுதானே என்றாள் யாமினி. தெய்வானை ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, "ரெண்டுதான?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"ரெண்டுதான்க்கா."

ஒப்படைப்புக்கு முன்பு தீ ஒத்திகை நடத்தியாக வேண்டும். சங்கு ஊதியதும் லிப்டைத் தொடாமல் எல்லோரும் படியில் இறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். உள்ளே ஒருவரும் இல்லை என்று சென்சார்கள் காட்ட வேண்டும்.

"அன்னிக்கு லீவு போட்டுடுங்கக்கா" என்றாள் யாமினி.

"ஸ்கேனுக்குப் போயே லீவெல்லாந் தீந்துருச்சு."

"படி இறங்க முடியாதுன்னு சொன்னா விட்டுடுவாங்க."

"ஏன் முடியாதுன்னு கேப்பாங்கல்ல? மெல்ல எறங்கிக்கறேன். நீ போயி உன் வேலையப் பாரு."

சங்கு ஊதியது. மாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வாசலில் வைத்த பெரிய திரையில் ஒவ்வொரு மாடியின் எண்ணும் இறங்கிப் பூஜ்யமாகிக்கொண்டே வந்தது. கைப்பிடியைப் பற்றியபடி தெய்வானை கடைசிக் கூட்டத்தோடு வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை யாமினி பார்த்தாள். மூச்சு விட்டாள்.

திரையில் ஒன்பதாம் மாடிக்கு நேராக ஒன்று என்று இருந்தது.

"மேல ஓடுங்கய்யா!" என்று கத்தினார் அருள்தாஸ். இரண்டு காவலர்கள் ஓடினார்கள். வாக்கிடாக்கியில் அவர்கள் குரல் இரைத்தது. "கழிவறை பார்த்துட்டோம் சார். ஸ்டோர் ரூம் பார்த்துட்டோம். மேசைக்கு அடியெல்லாம் பார்த்துட்டோம். ஒருத்தரும் இல்ல சார்."

"நல்லாப் பாருய்யா! மெஷின் சொல்லுதில்ல?"

கூட்டத்தில் யாரோ, "எங்க டீம் லீடரா இருக்கும் சார், சங்கு ஊதினாலும் எந்திரிக்க மாட்டாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மரத்தடியில் தெய்வானையும் சிரித்தாள்.

யாமினி எந்த இருக்கை என்று பார்த்தாள். ஜன்னலோரம். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஹோல்டு. தான் வைத்ததுதான். தினசரி அறிக்கையில் அவள் கழித்துவந்ததால் இரவில் நாற்காலி காலியானபோதும் அது வெளியே தெரியவில்லை; தீ ஒத்திகையின் எண்ணிக்கையில் எதையும் கழிக்க முடியாது, அதனால் மேலே வந்துவிட்டது. நாற்காலியில் இருந்தவள் எழுந்து, படியிறங்கி, அதோ மரத்தடியில் நிற்கிறாள். ஹோல்டு மட்டும் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்கிறது.

அப்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. காலி நாற்காலியையே எண்ணும் என்றால், இத்தனை நாள் காலையிலும் இரண்டு என்று சொன்னது எது?

அங்கேயே தரையில் உட்கார்ந்து மூல அலையைத் திறந்தாள். இன்று காலை, ஒரு மூச்சு, ஓர் இதயம். அடியில் வெறும் இரைச்சல். நேற்றும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அது இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது நடக்கத் தொடங்கி, நின்று, மறுபடி இரண்டொரு தடவை அசைந்து, பிறகு இல்லை. அப்போது தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். நான்காம் மாடியில் ஒரு ஏணியின்மேல் நின்றிருந்தாள்.

மரத்தடிக்குப் போனாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க."

"எதுக்கு? காத்தால ரெண்டுன்னுதான சொன்ன?"

உண்மையைச் சொல்ல யாமினி வாயைத் திறந்தாள். தெய்வானையின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள்.

"இத்தனை படி இறங்கியிருக்கீங்களே. ஒரு தடவை பார்த்துடலாம்."

படி என்ற சொல்லை முதலில் சொன்னது யாமினிதான்.

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், துடிப்பு நின்று சில நாட்களாகியிருக்கும் என்றார். தானாகவே நின்றிருக்கிறது, யார் செய்த தவறும் இல்லை என்றார். தெய்வானையின் கணவர் சென்னியப்பன் லேத் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தெய்வானை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"காத்தால கூட இருந்துச்சுங்க. அந்தப் படியில எறங்குனேன். அப்பத்தான் போயிருச்சு. படிதானுங்க."

யாமினி சுவரோடு ஒட்டி நின்றாள். தான் சொன்ன பொய் இவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்று நினைத்தாள். இனி சாகும்வரை, நான் இறங்கியிருக்காவிட்டால் பிழைத்திருக்குமே என்று நினைத்துக்கொண்டே இருப்பாள்.

ஹோல்டை அன்று மாலையே எடுத்துவிட்டாள். கணக்கு சரியாக வந்தது. அருள்தாஸ் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டார்.

யாமினி பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெய்வானையின் வீடு இருந்த சூலூருக்குப் பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்தது தெய்வானையின் மாமியார். "வா அம்மிணி. அந்த ஆபீசுப் புள்ளயா நீயி? புள்ளத்தாச்சிய ஒம்பது மாடி எறங்க வெச்சிருக்கானுங்களே, அவனுங்கெல்லாம் வெளங்குவானுங்களா? உள்ளார படுத்திருக்கறா, போயிப் பாரு."

கட்டிலில் தெய்வானை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலை வாரிப் பின்னியிருந்தது. யாமினி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துவிட்டது.

"அக்கா, படி இல்லைக்கா. ஒத்திகைக்கு முந்தின வாரம் செவ்வாக்கிழமையே நின்னுடுச்சு. ரெண்டுன்னு காட்டினது ஹோல்டு. நான் அதுக்கு முடிவே வைக்கலை. நான்தான்க்கா. நீங்க இறங்கினதால ஒண்ணும் ஆகலை."



"தெரியும்" என்றாள் தெய்வானை, சுவரைப் பார்த்தபடியே.

"தெரியுமா?"

"உடம்புக்குத் தெரியாம இருக்குமா? ஒருநாளு காத்தால எந்திரிச்சேன், உடம்பு லேசா இருந்துச்சு. எனக்கு இது மூணாந்தடவ கண்ணு. அந்த லேசு எனக்குத் தெரியும்." அவள் திரும்பிப் படுத்தாள். கண்கள் வறண்டிருந்தன. "ஆனா உன்ட்ட வந்து கேட்டா நீ ரெண்டுன்ன. சரி, நம்ம உடம்புதான் பொய் சொல்லுதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பிடி நெனச்சுக்க நல்லா இருந்துச்சு."

யாமினி அழுதாள். சத்தமில்லாமல் அழ அவளுக்குத் தெரியும்.

"நான் அவங்ககிட்டயும் சொல்லிடறேன்க்கா. டாக்டரும் அதைத்தானே சொன்னாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு..."

தெய்வானையின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கை இன்னும் காய்ச்சலில் சுட்டது.

"சொல்லாத."

"ஏன்க்கா?"

"படி இல்லீன்னா அப்புறம் என்னையத்தான் தேடுவாங்க. அந்தச் செவ்வாக்கெழம நான் என்னத்தத் தின்னேன், எங்க போனேன், எதுல ஏறுனேன்னு." அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "இந்தத் தடவதான் இந்த ஊட்ல என்னைய யாரும் ஒண்ணுங் கேக்கல. நேத்து எங்க அத்தை எனக்குத் தலை சீவி வுட்டுது கண்ணு. கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒரு நாளுகூட அது எந்தலையத் தொட்டதில்ல."

யாமினி எழுந்து வெளியே வந்தபோது கூடத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். 

"நீங்க படிச்ச புள்ளைங்க. நீங்க சொல்லுங்க. டாக்டரம்மா என்னமோ முன்னாடியே நின்னுருச்சுன்னு சொல்லுது. அன்னைக்குக் காத்தால உங்க மெஷினு ரெண்டுன்னுதான காட்டுச்சு?"

சமையலறை வாசலில் மாமியார் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"காட்டுச்சுண்ணா" என்றாள் யாமினி.

"அப்பப் படிதானுங்களா?"

அளந்து பார்க்காத எதையும் அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஆமாண்ணா" என்றாள். "படிதான். ஒம்பது மாடி. ரொம்பச் செங்குத்தான படி."

"கேட்டுக்கடா" என்றாள் மாமியார் மகனிடம். பிறகு கிண்ணத்தை முந்தானையால் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"அம்மிணி, நீ எந்திரிக்காத. வாயத் தொற, நான் ஊட்டி வுடறேன்."